அத்தியாயம் 7: கால் நெருக்கட்டும், கை காத்திருக்கட்டும்

எம்எம்ஏ பயிற்சிக்கு வரும் பையன்கள் முதல் மாதம் முடிவதற்குள் தங்களுக்கு ஒரு பட்டம் சூட்டிக்கொண்டுவிடுகிறார்கள். ஒருவன் தான் ஏறி அடிக்கிற ஆள் என்பான். இன்னொருவன், வரவிட்டு அடிப்பதுதான் தனக்குச் சரிப்படும் என்பான். ஸ்பாரிங்கில் நிற்க வைத்துப் பார்த்தால் முன்னவன் கண்ணை மூடிக்கொண்டு எதிராளியின் மேல் விழுகிறான்; பின்னவன் கம்பிவலை முதுகில் இடிக்கும்வரை பின்னால் போகிறான். பழகாத உடம்பு பயந்தால் இந்த இரண்டில் ஒன்றைச் செய்யும், அவ்வளவுதான். இதற்குப் பாணி என்று பெயர் வைப்பது அதிகம். நெருக்கி ஆடுவதும் வரவிட்டு அடிப்பதும் பிறவிக் குணங்கள் என்ற நினைப்பை மாஸ்டர்களே பல நேரங்களில் வளர்த்துவிடுகிறார்கள். இந்த அத்தியாயம் சொல்ல வருவது வேறு: இரண்டும் ஒரே ஆளின் உடம்பில் இரண்டு இடங்களில் இருக்க வேண்டியவை. நெருக்கடி காலின் வேலை. எதிரடி கையின் வேலை. தொடக்க நிலையில் இருப்பவருக்கு முதலில் காலின் வேலையைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

தர்மபுரி மாவட்டத்தில் இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது, ஏனென்றால் அரூரிலோ பென்னாகரத்திலோ பாலக்கோட்டிலோ பயிற்சிக்கு வருகிறவர்களில் பலர் கபடிக் களத்தைத் தாண்டித்தான் வருகிறார்கள். கபடியில் தாக்குகிறவர் யார் என்று கேட்டால் எல்லோரும் ரெய்டரைக் காட்டுவார்கள். 30 நொடிக்குள் உள்ளே போய் ஆளைத் தொட்டுத் திரும்பும் அவரைப் பார்த்துத்தான் ‘நானும் அப்படி ஏறி ஆடுவேன்’ என்று பையன் நினைக்கிறான். ஆனால் கூண்டுக்குள் நெருக்கி ஆடுகிறவருக்கு முன்மாதிரி ரெய்டர் இல்லை, எதிரே நிற்கும் பிடிப்பாளர்கள்தான். ரெய்டர் போனஸ் கோட்டை நோக்கி வரும்போது அந்த ஏழு பேரும் என்ன செய்கிறார்கள்? கவரில் நிற்பவர்கள் அரை அடி அரை அடியாக நகர்ந்து நடுக்கோட்டுக்குத் திரும்பும் வழியை அடைக்கிறார்கள். கார்னரில் நிற்பவர் குனிந்து, கையைத் தொங்கவிட்டபடி, ஒன்றும் செய்யாதவர்போல் இருக்கிறார். போனஸ் எடுக்க ஒரு கால் கோட்டைத் தாண்டும்போது மற்றக் கால் அந்தரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. ஆக, ரெய்டர் ஒற்றைக் காலில் நிற்கும் கணம் ஒன்று கட்டாயம் வந்தே தீரும். கார்னர் காத்திருப்பது அந்தக் கணத்துக்கு. கணுக்காலைப் பிடிப்பதும் அப்போதுதான். இடத்தைச் சுருக்கியது கால்கள். காத்திருந்தது கை. பொறுமையில்லாமல் முன்கூட்டியே பாய்கிற கார்னர் எத்தனை முறை வெறும் காற்றைப் பிடித்து எதிரணிக்குப் புள்ளியைத் தாரைவார்க்கிறார் என்பதை ஊர்க் கபடி பார்த்தவர்கள் எல்லோரும் அறிவார்கள்.

எதிரடிக்கு ஏன் இவ்வளவு வலு என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஒருவர் குத்தும்போது மூன்று காரியங்கள் சேர்ந்து நடக்கின்றன. அவர் உடல் எடை முன்காலுக்கு வருகிறது, அதனால் அந்த நொடியில் அவரால் சட்டென்று விலக முடியாது. எந்தக் கை நீள்கிறதோ அந்தப் பக்கத்துத் தாடை திறந்துகொள்கிறது. அவர் முன்னேறும் வேகம் உங்கள் குத்தின் வேகத்தோடு சேர்ந்துகொள்கிறது. 2015 டிசம்பர் 12 அன்று லாஸ் வேகஸில் ஜோசே ஆல்டோவை கானர் மெக்ரிகோர் 13 நொடியில் வீழ்த்தியது இந்தக் கணக்கால்தான். பத்தாண்டுகளாகத் தோல்வியே காணாத ஆல்டோ நேராகப் பாய்ந்து வந்தார். மெக்ரிகோர் சற்றே பின்வாங்கி இடக்கையை நேராக விட்டார். அதற்கு ஒரு மாதம் முன்னால், நவம்பர் 15 அன்று மெல்பர்னில், அதுவரை தோற்காத ரோண்டா ரவுசிக்கும் இதே கதிதான். ஒலிம்பிக்கில் ஜூடோ வெண்கலம் வென்ற ரவுசி கைக்கெட்டும் தூரத்துக்குள் வந்துவிட்டால் போதும் என்று துரத்தித் துரத்திப் போனார். குத்துச்சண்டை உலகிலிருந்து வந்த ஹாலி ஹோம் பக்கவாட்டில் விலகி விலகி அடித்து, இரண்டாவது சுற்றின் முதல் நிமிடத்திலேயே தலைக்கு ஓர் உதை கொடுத்து ஆட்டத்தை முடித்தார்.

இந்த இரண்டையும் காட்டி, அப்படியானால் பையன்களுக்கு எதிரடியைத்தானே முதலில் சொல்லித்தர வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் எதிரடிக்காரர் குத்து வருவதைப் பார்த்துவிட்டுத் திருப்பி அடிக்கிறார் என்ற ஊகத்தின் மேல் அது நிற்கிறது. மனிதக் கண் ஒன்றைக் கண்டு கை அசையத் தொடங்கவே சுமார் கால் நொடி ஆகிவிடும். நல்ல ஜாப் ஒன்று வந்து சேர்வதற்கும் ஏறக்குறைய அதே நேரம்தான். பார்த்த பிறகு அடிக்க அவகாசமே கிடையாது. தேர்ந்த எதிரடிக்காரர் குத்தை எதிர்பார்த்து நிற்கிறார். தோள் எப்படி அசைந்தால், முன்கால் எங்கே பதிந்தால் என்ன வரும் என்பது நூற்றுக்கணக்கான ஸ்பாரிங் சுற்றுகளில் அவருக்குள் படிந்திருக்கிறது. ஹோம் மெல்பர்னுக்கு வரும்போது அவருக்குப் பின்னால் பல ஆண்டுக் குத்துச்சண்டை வாழ்க்கை இருந்தது. ஆறு மாதம் பேட் அடித்த பையனிடம் அந்தச் சேமிப்பு இல்லை. அவனை வரவிட்டு அடி என்று நிறுத்தினால் அவன் வரவிடுவான், அடிக்க மாட்டான். பின்னால் போகக் கற்றுக்கொள்வான், அது பழக்கமாகிவிடும், பிறகு திருத்துவது பெரும்பாடு.

காத்திருப்பதை மட்டுமே நம்பினால் தேர்ந்தவர்களுக்கும் சிக்கல்தான். 2020 மார்ச்சில் இஸ்ரேல் அடேசான்யாவும் யோயல் ரொமேரோவும் பட்டத்துக்காக மோதியபோது இருவரும் மற்றவர் முதலில் வரட்டும் என்று நின்றார்கள். ஐந்து சுற்றும் அப்படியே ஓடியது, அரங்கம் கூச்சல் போட்டது, நடுவர்கள் அடேசான்யாவுக்குத் தீர்ப்பளித்தார்கள். அவர் தோற்கவில்லைதான். ஆனால் எதிராளி வரவில்லை என்றால் எதிரடிக்கு வேலையே இல்லை என்பது அன்று வெட்டவெளிச்சமானது. கபடியில் இந்த முட்டுக்கட்டையை உடைக்கவே, இரண்டு ரெய்டு வெறுமனே போனால் மூன்றாவதில் புள்ளி எடு அல்லது வெளியே போ என்று ‘டூ ஆர் டை’ விதி வைத்திருக்கிறார்கள். கூண்டுக்குள் அப்படி எதுவும் கிடையாது. எதிராளியைக் குத்தவைக்கும் பொறுப்பும் உங்கள் தலையில்தான் விழுகிறது. குத்தவைக்க ஒரே வழி, அவருக்கு இடமில்லாமல் செய்வது.

அதே அடேசான்யாவுக்கு 2023 செப்டம்பரில் சிட்னியில் நடந்ததைப் பயிற்சிக்கூடத்தில் மறுபடி மறுபடி போட்டுக் காட்ட வேண்டும். ஷான் ஸ்ட்ரிக்லண்ட் ஐந்து சுற்றும் அவரை நோக்கி நடந்தார். நடந்தார் என்ற சொல்லைக் கவனியுங்கள், ஓடவில்லை, பாயவில்லை. முதுகு நிமிர்ந்து, கைகள் முகத்துக்கு முன்னால், ஜாப் ஒன்று, வயிற்றை நோக்கி முன்னுதை ஒன்று, மீண்டும் ஓர் எட்டு. உலகத்தின் தலைசிறந்த எதிரடிக்காரர்களில் ஒருவருக்கு எதிரடி கொடுக்கத் தோதாக எதுவும் கிடைக்கவில்லை, ஏனென்றால் ஸ்ட்ரிக்லண்ட் தன் எடையை முன்காலில் கொட்டவே இல்லை. முதல் சுற்றின் கடைசியில் அடேசான்யா கீழே விழுந்தார். மூன்று நடுவர்களும் 49–46 என்று ஒரே மதிப்பெண் போட்டார்கள். ஆல்டோவும் ரவுசியும் செய்தது துரத்தல். ஸ்ட்ரிக்லண்ட் செய்ததுதான் நெருக்கடி. துரத்துகிறவர் எதிராளி இருக்கும் இடத்துக்குப் போகிறார். நெருக்குகிறவர் எதிராளி போகவிருக்கும் இடத்துக்குப் போகிறார். எதிரடி நெருக்கடியை வென்றது என்று காட்டப்படும் ஆட்டங்களை இந்த அளவுகோலோடு திரும்பப் பார்த்தால், பாதிக்கு மேல் துரத்தல் தோற்ற கதைகளாகவே இருக்கும்.

ஜஸ்டின் கெய்ஜியின் பாதை இன்னும் தெளிவான பாடம். முன்னே போ, அடி வாங்கு, அதைவிட அதிகமாகக் கொடு என்று ஆடியவர் 2017 டிசம்பரில் எடி ஆல்வாரெஸிடமும் 2018 ஏப்ரலில் டஸ்டின் பொரியேவிடமும் நாக் அவுட் ஆனார். அதன்பின் அவர் பின்வாங்கி ஆடும் ஆளாக மாறிவிடவில்லை. கூண்டின் நடுவை விட்டுக்கொடுக்காமல், கையை மட்டும் அடக்கிவைத்தார். அடுத்த மூன்று ஆட்டங்களையும் முதல் சுற்றிலேயே முடித்தார். 2020 மே 9 அன்று, தொடர்ந்து 12 வெற்றி பெற்றிருந்த டோனி ஃபெர்குசனை ஐந்தாவது சுற்றில் நடுவர் நிறுத்தும்வரை அடித்தார். அன்று துரத்தி வந்தவர் ஃபெர்குசன். அவருடைய ஒவ்வொரு வரவுக்கும் ஒரு கூலி கொடுக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் கெய்ஜியும் வேறொரு நெருக்கடியிடம் தோற்றார். கபீப் நுர்மகமெதோவின் கை காத்திருந்தது குத்துவதற்கு மட்டுமல்ல, காலைப் பிடித்துத் தரையில் போடுவதற்கும் சேர்த்துத்தான். எம்எம்ஏ குத்துச்சண்டையிலிருந்து பிரிகிற இடம் இது. பின்வாங்குகிறவரின் முதுகு கம்பிவலையைத் தொட்டதும் டேக்டவுன் அபாயம் வந்துவிடுகிறது. அதற்குப் பயந்து கை கீழே இறங்கினால் தலை திறந்துகொள்கிறது. 2023 மார்ச்சில் மேராப் த்வாலிஷ்விலி, பியோத்ர் யானை 49 முறை வீழ்த்த முயன்று 11 முறை மட்டுமே வீழ்த்தினார். எண்ணைப் பார்த்தால் தோல்விக் கணக்கு மாதிரி இருக்கிறது. ஆனால் ஐந்து சுற்றும் அவருக்கே போயின. வீணான 38 முயற்சிகளும் யானின் கைகளை வேறு வேலையில் மாட்டிவைத்திருந்தன.

இங்கே நடுவர்களைப் பற்றிய ஒரு தவறான நம்பிக்கையையும் தீர்த்துவிட வேண்டும். முன்னே போய்க்கொண்டே இருந்தால் மதிப்பெண் கிடைக்கும் என்று சொல்லித்தருகிற மாஸ்டர்கள் இன்னும் இருக்கிறார்கள். பொது விதிகளின்படி ஒரு சுற்றைத் தீர்மானிப்பது முதலில் பலன் தந்த அடியும் பிடியும்தான். அதில் இருவரும் முற்றிலும் சமம் என்றால் மட்டுமே பலனுள்ள ஆக்ரோஷம் கணக்கில் வரும். அதுவும் சமம் என்றால்தான் களத்தை யார் கட்டுப்படுத்தினார் என்று பார்ப்பார்கள். பலனில்லாமல் துரத்திக்கொண்டிருப்பதற்கு மதிப்பில்லை என்று விதிக்குறிப்பே சொல்கிறது. இருந்தாலும் நடுவர் கண் ஒரேமாதிரி இருப்பதில்லை. உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த பூஜா தோமர் 2024 ஜூன் 8 அன்று யுஎஃப்சியில் வென்ற முதல் இந்தியர் ஆனார். அந்த ஆட்டத்தில் ஒரு நடுவர் மூன்று சுற்றையும் அவருக்கே கொடுத்தார், இன்னொருவர் மூன்றையும் எதிராளிக்குக் கொடுத்தார், மூன்றாமவர் 29–28 என்று அவர் பக்கம் சாய்ந்தார். ஆகவே நெருக்கி ஆடச் சொல்வதற்குக் காரணம் மதிப்பெண் ஆசையாக இருக்கக் கூடாது. நெருக்கினால் எதிராளி குத்த வேண்டிவரும்; அவர் குத்தினால் நீங்கள் தெளிவாகத் திருப்பி அடிக்க முடியும்; அந்த அடிக்குத்தான் மதிப்பெண்.

இன்னொரு தடை விதியில் இல்லை, வேடிக்கை பார்ப்பவர்களிடம் இருக்கிறது. காத்திருக்கிற கையைக் கூட்டம் கோழைத்தனமாகப் பார்க்கிறது. ‘ஏறுடா, ஏறுடா’ என்று கத்துகிறது. பையன் அந்தக் குரலுக்கு ஆடத் தொடங்கினால் பயிற்சி அத்தனையும் வீண். ‘சார்பட்டா பரம்பரை’ படத்துக்குப் பிறகு டான்சிங் ரோஸ் என்ற பாத்திரத்தைத் தெரியாத இளைஞர் இல்லை, அதனால் விலகி ஆடுவதற்கு ஒரு மவுசு வந்திருக்கிறது. ஆனால் பையன்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்டது ஆட்டத்தை, அளவை அல்ல. உண்மையில் இந்த மண்ணுக்கு இந்த விஷயத்தில் நல்ல முன்னுதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. தர்மபுரி வட்டாரத்து நடுகற்களில் ஆநிரை கவரப் போய் விழுந்தவனுக்கும் கல் உண்டு, கவர்ந்த ஆநிரையை மீட்கப் போய் விழுந்தவனுக்கும் கல் உண்டு. வெட்சி ஒருவனுக்கு, கரந்தை இன்னொருவனுக்கு. மீட்கப் போனவனை யாரும் இரண்டாம்படி வீரனாக வைக்கவில்லை.

இனி களத்துக்கு வருவோம். கூண்டு வைத்த பயிற்சிக்கூடம் தேடிப் பெங்களூர் போனால்தான் இதைப் பழக முடியும் என்பதில்லை. யுஎஃப்சியின் பெரிய கூண்டு 30 அடி அகலம், பரப்பு சுமார் 69 சதுர மீட்டர். சிறியது 25 அடி, சுமார் 48 சதுர மீட்டர். ஆண்கள் கபடிக் களம் 13-க்கு 10 மீட்டர். அதில் பாதி 65 சதுர மீட்டர். அந்தப் பாதியின் நான்கு மூலைகளையும் இரண்டிரண்டு மீட்டர் குறுக்கே வெட்டிச் சுண்ணாம்புக் கோடு போட்டால் 57 சதுர மீட்டரில் எட்டுப் பக்கக் களம் தயார். மூலையை வெட்டுவது அழகுக்காகச் செய்வதில்லை. குத்துச்சண்டை மேடையின் மூலை செங்கோணம், அதில் மாட்டியவர் மாட்டியவர்தான். எட்டுப் பக்கக் கூண்டின் மூலை 135 பாகை விரிந்திருப்பதால் பக்கவாட்டில் வழுக்கிப் போய்விடலாம். அதனால் நெருக்குகிறவர் நேர்கோட்டில் போனால் எதிராளி தப்பிவிடுவார்.

முதல் இரண்டு வாரம் குத்தே வேண்டாம். நெருக்குகிறவர் கழுத்தில் ஒரு துண்டைப் போட்டு இரண்டு முனையையும் கையில் பிடித்துக்கொள்ளட்டும். 30 நொடிக்குள், ஒரு ரெய்டு நேரத்துக்குள், எதிராளியின் குதிகால் சுண்ணாம்புக் கோட்டை மிதிக்கச் செய்ய வேண்டும். எதிராளி உங்கள் வலப்பக்கம் நகர்ந்தால் உங்கள் வலது கால் முதலில் போக வேண்டும், இடப்பக்கம் என்றால் இடது கால். கால்கள் ஒருபோதும் பின்னிக்கொள்ளக் கூடாது. கை நீட்டினால் தொடுகிற தூரத்துக்கு அரை அடி வெளியே எப்போதும் நிற்க வேண்டும். துண்டைப் பிடித்த கை தானாகக் குத்தப் போகாது. ஆளைப் பிடிக்கிற வேலையைக் கால் மட்டும் செய்தாக வேண்டிவரும். மூன்றாவது வாரத்தில் கையுறை போடலாம், ஆனால் நெருக்குகிறவர் முதலில் அடிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. தோளைச் சற்று அசைத்தோ, முன்காலைத் தட்டியோ, குனிவதுபோல் காட்டியோ எதிராளியை அடிக்கவைக்க வேண்டும். அவர் கை நீண்டு திரும்புவதற்குள் ஒரே ஒரு பதில். பின்வாங்க ஓர் எட்டுக்கு மட்டும் அனுமதி. இரண்டாவது எட்டு வைத்தால் அந்தச் சுற்று தோல்வி. கபடி ஆடி வந்தவர்களுக்கு இந்த நிபந்தனை முதலில் பெரிய தொல்லையாக இருக்கும், ஏனென்றால் தொட்டதும் நடுக்கோட்டுக்கு நேராகத் திரும்பி ஓடுவது அவர்கள் உடம்பில் ஊறியது. கூண்டில் திரும்பிப் போக நடுக்கோடு இல்லை. பின்னால் இருப்பது கம்பிவலை. இந்த ஒரு பழக்கத்தை மாற்றவே இரண்டு மாதம் ஆகலாம், அவசரப்பட வேண்டாம்.

நெருக்கி ஆடுவதால் மூச்சு சீக்கிரம் தீர்ந்துவிடும், அடியும் அதிகம் விழும் என்ற ஆட்சேபம் பெற்றோர்களிடமிருந்து வருகிறது. இதைத் தட்டிக்கழிக்க முடியாது. மூச்சு விஷயத்தில், தொழில்முறை ஆட்டம் ஐந்து நிமிடச் சுற்றுகள் மூன்று. அமெச்சூர் போட்டிகளில் பெரும்பாலும் மூன்று நிமிடச் சுற்றுகள். 30 நொடி வெடித்து அடங்கும் கபடி மூச்சு இதற்குப் போதாது. ரோடு டு யுஎஃப்சி தொடரை வென்று வந்த அன்ஷுல் ஜுப்லி 2023 அக்டோபரில் அபுதாபியில் மைக் ப்ரீடனோடு ஆடியபோது முதல் இரண்டு சுற்றும் அவருக்குச் சாதகமாகவே போயின. மூன்றாவதில் நாக் அவுட் ஆனார். கடைசிச் சுற்றுக்கு மூச்சு மிச்சம் வைக்காத எந்தப் பாணியும் காப்பாற்றாது. நடந்து நெருக்குவதற்கு, பாய்ந்து நெருக்குவதைவிட மிகக் குறைவான மூச்சே செலவாகும் என்பதும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது. அடி விஷயத்தில் ஆட்சேபம் பாதி சரி. உள்ளே போகிறவருக்கு விழும், கெய்ஜியின் முதல் இரண்டு தோல்விகளே சாட்சி. அதனால்தான் மேலே சொன்ன பயிற்சிகளில் முதல் பாதி குத்தில்லாமல் இருக்கிறது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குத் தலைக்கு முழுவேக ஸ்பாரிங் வேண்டவே வேண்டாம். தலைக்கவசம் வெட்டுக்காயத்தைக் குறைக்கும். மூளை அதிர்ச்சியைத் தடுக்கும் என்று நம்பி அடியைக் கூட்டக் கூடாது. அடிபட்ட பின் தலைசுற்றல், வாந்தி, ஞாபகக் குழப்பம் எதுவானாலும் அன்றைய பயிற்சி அங்கேயே முடிந்தது. மருத்துவர் சரி என்று சொல்லும்வரை ஸ்பாரிங் கிடையாது.

விதிவிலக்குகளும் உண்டு. எடைப்பிரிவில் மற்றவர்களைவிட நல்ல உயரமும் கை நீளமும் உள்ளவரை நடுவில் நிறுத்தி வெளியிலிருந்து ஆடவிடலாம். உள்ளே போய் அவர் தன் நீளத்தைத் தானே வீணாக்கத் தேவையில்லை. அவருக்குப் பின்வாங்கும் எட்டு இரண்டாக இருக்கட்டும், ஆனால் இரண்டாவது பக்கவாட்டில் போக வேண்டும். இடக்கைக்காரருக்குத் துண்டுப் பயிற்சியில் சிறு மாற்றம்: எதிராளி வலக்கைக்காரர் என்றால் இருவரின் முன்கால்களும் எதிரெதிரே மோதிக்கொள்ளும், அதனால் தன் வலது காலை எதிராளியின் இடது காலுக்கு வெளியே வைத்தபடியே நகர வேண்டும். குழுவில் இடக்கைக்காரர் ஒருவராவது இருந்தால் வாரத்தில் ஒரு நாள் எல்லோரும் அவரோடு சுற்று போடட்டும். போட்டியில் அப்படி ஓர் எதிராளி வரும் நாளில் அதை முதல்முறையாகக் கற்றுக்கொள்ள நேரமிருக்காது.